சவுண்ட் பூட்ட வந்த பெடியன்

மில்லிக்கன், ரொறன்ரோ,
13.10.1996

அன்புள்ள மகன் துஷாந்துக்கு,

நாங்கள் இஞ்சை சுகம், நீயும் உன்ர கூட்டாளியளும் ஜோர்ஜியாவில சுகமாய் இருக்கவேணும் எண்டு றிச்மண்ட் ஹில் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டுதான் எழுதுறன். கொம்மாவுக்குக் கால்வீக்கம் வத்தியிட்டுது. குளிர் துவங்கியிட்டுது, நேற்று யன்னலுக்கெல்லாம் பிளாஸ்ரிக் ஒட்டினன். உதெல்லாம் சுத்தி வளைக்கிற கதை. எழுத வேண்டியது வேற, வெக்கத்தில கை ஓடுதில்லை.

போன மாசம் ஜெயரட்ணம் அண்ணையின்ர மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு மண்டபத்துக்கு நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிண்டாய். தோளுக்குக் கீழ தலைமயிர், தொப்பி, கிழிஞ்ச ஜீன்ஸ். அண்டைக்கு ரொறன்ரோவில உங்கட கச்சேரி, எனக்கும் கொம்மாவுக்கும் ரிக்கெற் தர வந்தனான் எண்டு ஒரு நோட்டீசோட என்ர கையில வைச்சு நீ சொல்லி வாய் மூட முதல், தம்பி ஆர் எண்டு ஜெயரட்ணம் அண்ணை வந்து கேட்டார். அவர் கனடா வந்து இரண்டு வருசம், உன்னைக் கண்டதில்லை. மகன் அற்லாண்டாவில இஞ்சினியர் எண்டு ஆறு வருசமாய்ச் சபை சபையாய்ச் சொல்லித் திரிஞ்ச இந்த வாய், "சவுண்ட் பூட்ட வந்த பெடியன்" எண்டு சொல்லிப்போட்டுது. நீ என்னை ஒருக்காப் பாத்தாய். பிறகு போய், காலமை தொட்டுக் கீச்சிட்டுக்கொண்டிருந்த மைக்கைத் திருத்தி, வயரெல்லாம் சுத்தி வைச்சாய். அவர் வேலையாக்களுக்குக் குடுக்கிற சோத்துப் பார்சல் ஒண்டு தர, பின்கதவடியில நிண்டு சாப்பிட்டாய். நான் பந்தியில வடை பாயாசத்தோட இருந்தன். கொம்மா உள்ளுக்குப் பிள்ளைக்குச் சீலை உடுத்திக்கொண்டு நிண்டதில உன்னைக் காணவேயில்லை. நான் திரும்பப் பாக்கேக்க நீ போயிட்டாய். ரிக்கெற் இரண்டும் இன்னும் என்ர கோட்டுப் பொக்கற்றுக்குள்ள கிடக்கு.

உன்ர கடிதமெல்லாம் படிச்சனான் மகன், பதில் போடாததுதான். நீ படிப்பை இரண்டாம் வருசம் விட்டது, ஐஞ்சு பேரும் ஒரு பழைய வானில அலபாமா ரெனசி எண்டு சாராயக்கடை சாராயக்கடையாய்ப் பாடினது, ட்ரம் அடிக்கிறவன் விட்டிட்டுப் போக மூண்டு மாசம் கோழிப்பண்ணையில வேலை செய்தது, பிறகு இசைத்தட்டு வந்தது, றேடியோவில போட்டது, எல்லாம் எனக்குப் பாடம். நீங்கள் பாடுற அந்தச் சதேர்ண் ரொக் பாட்டு எண்டால் என்ன எண்டு எனக்கு விளங்காது. ஆனால் நீ அனுப்பின கசற்றைக் காரில தனியப் போட்டுக் கேக்கிறனான். ஆரும் ஏறினால் நிப்பாட்டிப்போடுவன். அவ்வளவு கோழை உன்ர அப்பன்.

போன கிழமை ஜெயரட்ணம் அண்ணை ரெலிபோன் எடுத்து, அந்தச் சவுண்ட் பெடியன்ர நம்பரைத் தாங்கோ, தங்கமான பெடியன், தாய் தேப்பன் நல்லா வளத்திருக்கினம் எண்டார். எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்தது. "அண்ணை, அவன் என்ர மகன். பாட்டுக்காரன்" எண்டு சொன்னன். அவர் ரெலிபோனை வைச்சிட்டார். கொம்மாவுக்கும் எல்லாத்தையும் சொன்னன். அண்டையில இருந்து சோத்தை மேசையில வைச்சிட்டு அங்கால போய்த் தனியச் சாப்பிடுறா. அவவில பிழையில்லை.

பிள்ளையார் உனக்கும் உன்ர கூட்டாளியளுக்கும் துணை நிப்பார். தொண்டையைக் கவனி, வானை மாறி மாறி ஓட்டுங்கோ. ஒண்டை மறந்திடாதை. நவம்பர் இரண்டாந் திகதி பஃபலோவில பாடுறியள் எண்டு நீ ரிக்கெற்றோட தந்த நோட்டீசில கிடக்கு. நாங்கள் வாறம். வாசலில என்னை ஆர் எண்டு ஆரும் கேட்டால், அப்பா எண்டு சொல்ல உனக்கு மனம் வராட்டில், கூட்டித் துடைக்க வந்த ஆள் எண்டு சொல்லு. நான் பின்கதவடியில நிண்டு கேக்கிறன். கொம்மாவுக்கு மட்டும் முன்னுக்கு ஒரு கதிரை போடு.

இப்படிக்கு,
உன்ர அப்பா
தியாகலிங்கம்