அப்பா கழற்றி எடுத்துப் போன சர்டிபிகேட்

மல்லேஸ்வரம், பெங்களூர்
18-8-1998

சௌபாக்கியவதி சௌம்யாவுக்கு அம்மாவின் அனேக ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே எங்கள் உடம்புக்குக் குறைவில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். விசா கிடைக்கவில்லையடி. உன் பிரசவத்துக்கு நாங்கள் வர முடியாது.

மே மாதம் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்களே, அன்றைக்கு அப்பா போட்ட ஆட்டம் உனக்குத் தெரியும். பார்க்கில் தினமும் அதே பேச்சு. ஐந்து நாடு வைத்துக்கொண்டால் நியாயம், ஆறாவதாக நாம் வைத்தால் அக்கிரமமா என்று சண்டை. பக்கத்து வீட்டு கிளாரன்ஸ் மட்டும், விசா கொடுக்கிறவங்க கதவைச் சாத்தினா அங்கே இருக்கிற நம்ம பிள்ளைங்கதானே சார் தவிக்கும் என்றார். அவரோடு ஒரு வாரம் இவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. சென்னையில் விசா ஆபீசுக்குக் கிளம்பும்போது, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், ஹாலில் மாட்டியிருந்த சர்டிபிகேட்டைக் கண்ணாடியோடு கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் உழைத்தவன் என்று தெரிந்தால் மரியாதையாக விசா கொடுப்பார்களாம். ஃபாரத்தில் ரிடையர்ட் என்று மட்டும்தான் இருந்தது, ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்துத்தான் பேசினாள். இவர் அந்த சர்டிபிகேட்டை நீட்டினார். படித்தாள், உள்ளே எழுந்து போனாள், திரும்பி வந்து இப்போதைய நிலைமையில் முடியாது என்று இரண்டு பாஸ்போர்ட்டையும் தள்ளினாள். ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்த மனுஷனம்மா என்று தமிழிலேயே கத்தினேன், யார் கேட்கிறார்கள். திரும்பி வரும்போது ரயிலில் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார், "என் கையாலேயே கொடுத்தேனே, அனந்தா." அதற்கப்புறம் பார்க்கும் இல்லை, பேப்பரும் இல்லை. யார் பக்கம் நியாயமோ எனக்குத் தெரியாது. தலைப்பிரசவத்துக்கு, தாய் இருந்தும் என் பெண் தனியாகக் கிடக்கப் போகிறாள், அது ஒன்றுதான் தெரிகிறது. குண்டு வெடித்த அன்றைக்குத் தெருவுக்கெல்லாம் மைசூர்பாக்கு கிளறிக் கொடுத்தவளும் நான்தானே. அதே வாணலியில் உனக்கு லேகியம் கிளறினேன், எதிர்வீட்டு யசோதாவின் பிள்ளை அடுத்த வாரம் அங்கே வருகிறான், கொடுத்தனுப்புகிறேன். குழந்தை பிறந்த பிறகு தினமும் காலையில் சுண்டைக்காயளவு சாப்பிடு, பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே.

அப்பாவிடம் விசா பேச்சை எடுக்காதே. குழந்தை பிறந்த செய்தியை மட்டும் முதலில் அவரிடமே சொல், மறந்துவிடாதே. எப்போதும் போல் அவருக்கு அடியில் நாலு வரி இடம் விட்டிருக்கிறேன். காலையிலிருந்து பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தாயும் சேயுமாக நீ நல்லபடி எழுந்திருக்க வேண்டும், தெய்வம் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
அனந்தலக்ஷ்மி

சௌம்யா, அப்பா எழுதுவது,