பின்னாலருந்து கூப்பிட்டது

பிரின்சியோட நைனாவுக்கு,

தோணிரேவுல எல்லாரும் நல்லா கீறோம். உன் ரேஸ் காரோட பன்னெண்டாம் நம்பரை கிளப்புல இனி யாருக்கும் தரமாட்டாங்களாம். உன் படம் போட்ட பனியனோட பசங்க இன்னும் வீட்டைப் பார்க்க வர்றாங்க.

படகேறப் போறவனைப் பின்னாலருந்து கூப்பிடக்கூடாதுன்றதை நீ ரேஸுக்கும் வச்சிருந்த. அன்னிக்கு நான்தான், கிளவுஸை மறந்துட்டியேனு வாசல்லருந்து கத்திட்டேன். நீ திரும்பிப் பார்த்துச் சிரிச்ச. சாயங்காலம் பெட்டியில வந்த.

மூணு வாரமா நான் கரையில நடக்கிறப்ப பின்னாலருந்து உன் குரல் கூப்பிடுது. நான் திரும்பறதே இல்ல.

இன்னிக்கு சர்ச்சுக்குப் போற வழியில பிரின்சி சொல்றா, "யம்மா, நைனா பின்னாலருந்து கூப்பிட்டுச்சு. நான் திரும்பிப் பார்த்துச் சிரிச்சேன்"னு.

உன்னைக் கூப்பிட்டது நான்தானே மாமா? என்னையே கூப்பிடு, திரும்பறேன். அவளை விட்டுடு.

உன் பொஞ்சாதி