பட்டையோடு வந்த மரம்

அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எழுந்திருக்க இன்னும் சுவரைத்தான் பிடிக்கிறீர்களா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கே காட்டில் வண்டு விழுந்திருக்கிறது. அரிசி அளவுதான் இருக்கும். பட்டைக்கு அடியில் புகுந்து மரத்தையே சாகடிக்கிறது. அப்படிச் செத்த மரத்தை வெட்டிய இடத்திலேயே பட்டை உரித்து, பட்டையை எரித்துவிட்டுத்தான் கீழே இறக்குவார்கள். போன வருஷம் நம் மரம் அறுக்கும் மில்லுக்கு, மேல்காட்டில் அப்படிச் செத்த மரம் மலிவாகக் கிடைத்தது. மழை வருவதற்குள் இறக்கிவிடும் அவசரத்தில், "பட்டையை மில்லுல உரிச்சுக்கலாம், ஏத்துங்கப்பா" என்றேன். மேஸ்திரி வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை.

பட்டையோடு வந்த வண்டு பரவி, இப்போது மில்லுக்குப் பின்னால் இருந்த பச்சைக் காடு முழுக்கச் செத்துச் சிவந்து நிற்கிறது. அறுக்க மரம் இல்லை. நம் மில்லோடு சேர்த்து நாலு மில் மூடியாகிவிட்டது. நேற்று மேஸ்திரி விடைபெற வந்தார்.

"அன்னைக்கு என்னை ரெண்டு அறை விட்டாவது நிறுத்தியிருக்கலாமே?" என்றேன்.

"முதலாளியையா? இப்பத்தான் மில்லு இல்லையே, இப்ப வேணா விடட்டுமா?"

இருவரும் சிரித்தோம். பிறகு ரம்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். மில்லை நம்பியிருந்த நாற்பது குடும்பமும் அப்படித்தான் போகிறது.

கவலைப்படாதீர்கள், வேறு தொழில் பார்த்துக்கொள்வேன். ஒரு போர்வை அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போர்த்தியதே போதும்.

உங்கள் கட்டிலுக்கு எடுத்து வைத்திருந்த பலகைகளின் ஓரத்தில் பட்டை ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். தம்பியிடம் சொல்லி இரும்புக் கட்டிலாக வாங்கிக்கொள்ளுங்கள். தபால்காரர் வாசலில் நிற்கிறார். நான் வரும்போது இங்கிருந்து ஒரு குச்சிகூடக் கொண்டுவர மாட்டேன்.

உங்கள் பெரியவன்