பிரேக் விளக்கின்மேல் ஒட்டிய பொட்டு

உன் காரின் பழைய பிரேக் எச்சரிக்கை விளக்குச் சுவிட்ச் என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. விரல் நுனி அளவுதான் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவியும் என் கையிலிருந்து பிரேக் எண்ணெய் வாடை போகவில்லை. உன் கையில் எப்போதும் இருந்த வாடை. நீ கோயிலுக்கு வந்தால்கூட விபூதி வாசனைக்கு முன்னால் இதுதான் வரும். நீ போன பிறகு இன்று காலைதான் அதைத் திரும்ப முகர்ந்தேன். அழுகை வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஏனென்றால் இந்தச் சுவிட்சைக் கழற்றியவள் தர்ஷினி.

தஞ்சோங் மாலிம் பக்கத்துக் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். பழைய கார் வைத்திருப்பவர்கள் ஈப்போவில் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் வந்து ஒட்டிக்கொண்டவள். உன்னை 'அக்கா' என்பாள். உன் வயதேயான என்னை 'ஆன்டி' என்பாள். நீ அவளை ஒரு நாளாவது திருத்தினாயா? இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

நாம் பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். ரப்பர்ப் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது ஒரே லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வெளியேறினோம். ஈப்போவில் நீ அரசாங்க அலுவலகத்துக்குப் போனாய், நான் துணிக்கடைக்குப் போனேன். நீ அந்தப் பச்சைக் காரை வாங்கிய நாளிலிருந்து இடப்பக்கத்து முன் சீட்டு என்னுடையது. யாரும் பட்டா எழுதித் தரவில்லை, ஆனால் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரரே பின்சீட்டில்தான் உட்காருவார்.

சிம்பாங் பூலாய் மலை இறக்கத்தில் அன்றைக்கு நடந்தது நினைவிருக்கிறதா? கேமரன் மலையிலிருந்து கீழே வரும்போது பிரேக் சூடாகி, கருகிய நாற்றம் வந்து, நீ மிதிக்க மிதிக்கப் பெடல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. முதல் கியருக்கு இறக்கி, புல்மேட்டில் ஏற்றி எப்படியோ நிறுத்திவிட்டாய். நான் இறங்கி நடுரோட்டில் நின்று கத்தினேன்.

"இனிமே இந்தக் காருல ஏறுனா என்னை என்னான்னு கேளு!"

"உசிரோடதான இருக்கே, அப்பறம் என்னாலா கத்துறே?" என்றாய் நீ.

அதன் பிறகு நீ என்னைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் வீட்டு வாசலில் தர்ஷினியின் மோட்டார் சைக்கிள் நின்றது. முன் சக்கரங்களுக்குப் புதிதாக டிஸ்க் பிரேக் மாட்டுகிறீர்கள் என்று உன் பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. புது பிரேக் மாட்டினால் குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட. பெடல் மிதிக்க என்ன படிப்பா வேண்டும்? எனக்குக் கால் இல்லையா? மூன்று தெரு தள்ளி இருந்த காலை விட்டுவிட்டு, தஞ்சோங் மாலிமிலிருந்து கால் வரவழைத்தாய்.

பிறகு ஒரு நாள் என் வாசலில் ஹார்ன் அடித்தாய். "வாடி, ஆயர் தாவார் கல்யாணத்துக்குப் போலாம். பிரேக்கு மாத்தியாச்சு." ரோஷத்தை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு ஏறினேன். ஏறி உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது, மீட்டர் பலகையில் மிளகளவு கறுப்புப் பொட்டு. நான் வைப்பது பெரிய அரக்குப் பொட்டு. வெயிலில் வேர்த்தால் அதை எடுத்து உன் காரில்தான் எங்கேயாவது ஒட்டுவேன். நீ விபூதியோடு சரி; கறுப்புப் பொட்டு தர்ஷினி வைப்பது. அப்படியென்றால் என் சீட்டில் உட்கார்ந்து, என்னைப் போலவே வேர்த்து, என்னைப் போலவே பொட்டை எடுத்து ஒட்டியிருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னாடி, மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கே? பிரேக்கு எப்படிப் பிடிக்குது, பாத்தியா?"

"பாத்தேன்," என்றேன். ஆயர் தாவார் வரைக்கும் அந்த ஒரு வார்த்தைதான் பேசினேன். அடுத்த மாதம் தூக்கத்திலேயே நீ போய்விட்டாய். உன் தம்பி கார்ச் சாவியைத் தர்ஷினியிடம் கொடுத்தான். நீயே அப்படிச் சொல்லி வைத்திருந்தாயாம்.

இன்று காலை அவள் போன் செய்தாள். "ஆன்டி, ஒரு ஒத்தாச. பெடல் மிதிக்க ஆள் வேணும்." போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டே உடுப்பை மாற்றிக்கொண்டு போனேன்.

உன் வீட்டு முன்னால், ஜாக்கியில் நின்றது கார். புது பிரேக்கில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனிக் குழாயாம். நடுவில் ஒரு சின்ன உருளை. ஒரு பக்கம் அழுத்தம் குறைந்தால் அது நகர்ந்து சுவிட்சை முட்டும், சிவப்பு விளக்கு எரியும்.

"அன்னிக்குக் காத்து எடுக்கிறப்ப அக்கா ரொம்ப அழுத்தி மிதிச்சிட்டாங்க. உருளை ஒரு பக்கமா ஓடிருச்சி, சுவிட்ச் முனையும் வளைஞ்சிருச்சி. பிரேக்கு நல்லாத்தான் பிடிச்சிச்சி, லைட்டு மட்டும் அணையவே இல்ல. புது சுவிட்ச் வெளிநாட்டுலேர்ந்து இப்பதான் வந்திச்சி." அதை மாட்டி, என்னை உன் சீட்டில் உட்கார வைத்துவிட்டுக் காருக்கடியில் படுத்தாள். "இப்ப உருளைய நடுவுக்குக் கொண்டாரணும். மெதுவா மிதிங்க. எனக்கு இங்கேருந்து லைட்டு தெரியாது, அணைஞ்சோன்ன சத்தம் போடுங்க."

"லைட்டு எங்க இருக்கு?"

"அந்தப் பொட்டுக்குக் கீழ, ஆன்டி."

நான் பொட்டின்மேல் விரலை வைத்தேன். "இது உன் பொட்டுதானே?"

"ஆமா. அக்காதான் கேட்டாங்க. செவப்பு லைட்டப் பாத்தா அவ ஏறவே மாட்டா, சுவிட்ச் வர்ற வரைக்கும் மறைச்சி வைப்போம்ன்னாங்க. நீங்க திரும்ப ஏறணும்னுதான் பிரேக்கையே மாத்துனாங்க."

"அப்ப நீ முன்சீட்டுல ஒக்காந்தியே?"

"எங்க விட்டாங்க!" காருக்கடியிலிருந்து சிரிப்பு வந்தது. "ஒரு தடவ ஒக்காரப் போனேன். பின்னாடி போய் ஒக்காருலா, அது அவ எடம்ன்னு வெரட்டிட்டாங்க."

நகத்தால் பொட்டைச் சுரண்டி எடுத்தேன். உள்ளே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. கண் கலங்கியதில் அது எனக்கு இரண்டாகத் தெரிந்தது. உன் கால் பட்டுத் தேய்ந்த பெடலில் என் காலை வைத்து மெதுவாக அழுத்தினேன். கீழே திருகாணி திறக்கும் சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது.

"அணைஞ்சிருச்சி!"

"விடாதீங்கக்கா, அப்படியே பிடிங்க!"

அந்த 'அக்கா' எனக்கா, பழக்கத்தில் உனக்கா என்று நான் கேட்கவில்லை. அவள் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா, ஆன்டி?" என்றாள். பழைய சுவிட்சை என்னிடமே கொடுத்தாள். அடுத்த ஞாயிறு பீடோருக்குப் போகிறோம். அவள் ஓட்டுவாள், நான் என் இடத்தில் உட்காருவேன். இந்தச் சுவிட்ச் என் கைப்பையில் இருக்கும்.

இதற்காக நான் உருகிவிடுவேன் என்று நினைக்காதே. என் பயத்துக்காக பிரேக்கை மாற்றினாய், எனக்குத் தெரியாமல் விளக்கை மறைத்தாய், அதனால் என்னிடம் பொட்டுக் கேட்க முடியவில்லை. எல்லாம் புரிகிறது. ஆனாலும் உன் காரில் நான் ஒட்டாத இடம் உண்டா? கண்ணாடியில், கதவில், கையுறைப் பெட்டி மூடியில், எத்தனை கிடந்தன. அதில் ஒன்றை உரித்து எடுத்திருக்கலாமே.

என் பொட்டு பெரியது. அந்த விளக்கை இன்னும் நன்றாக மறைத்திருக்கும்.