ரொட்டி மேசையின் அடிப்பக்கம்

786
மயிலாப்பூர், சென்னை-4
17.8.97

அன்பு மகள் வஜீஹாவுக்கு அத்தா கரீமுல்லா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் சுகம், அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஜோயாவும் நல்லபடியாக இருக்க துஆ செய்கிறோம். எப்போதும் அம்மாதான் எழுதுவாள், அடியில் கையெழுத்து மட்டும் நான் போடுவேன், இப்போது பேனா என் கையில் இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. நீயும் பதின்மூன்று வருஷமாக நான்கு பக்கம் அம்மாவுக்கு எழுதிவிட்டுக் கடைசியில் அத்தாவுக்கு சலாம் சொல்லவும் என்று ஒரே வரி போடுகிறாய், அது ஏன் இரண்டு வரியாகவில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எழும்பூர் ஓவியக் கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்தது, படிவத்தில் தகப்பன் கையெழுத்துப் போட வேண்டும், நான் அதை பேக்கரி மேசை மேல் வைத்து உன் கண் முன்னால் கிழித்தேன். அதைப் பேசத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நேராகச் சொல்ல வரமாட்டேன் என்கிறது, கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன், பொறுத்துக்கொள்.

நம் பேக்கரியை மூடியதை அம்மா எழுதியிருப்பாள். அடுப்பு முன்னால் நிற்க என் கால் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஃபிளாட் கட்டுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் வந்து போனார்கள், எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் ஒரு நாள் சாருலதா என்று ஒரு பெண் வந்தாள், மாட வீதிப் பக்கம் வீடு, உன் வயசுதான் இருக்கும், பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறாள். மரப்பலகையில் செதுக்கி மை தடவி அச்செடுக்கிற பட்டறை ஒன்று வைக்க வேண்டும், தெருவில் போகிறவர் யாரானாலும் உள்ளே வந்து கற்றுக்கொள்ளலாம், உங்கள் இடம் கிடைக்குமா அங்கிள் என்று கேட்டாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்றேன். உள்ளேயிருந்து உன் அம்மா, சாவியக் குடுங்க, இந்தத் தடவையாவது குடுங்க என்றாள். சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வஜீ, இப்போது நீ வந்து பார்த்தால் நம் இடம் என்று நம்பமாட்டாய், நம் இடம் இல்லை என்றும் சொல்லமாட்டாய். அச்சு எந்திரம் மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது, நம் அடுப்பில் முப்பது வருஷம் நின்ற தங்கவேல் அதற்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினான். அடுப்பை இடிக்கவில்லை, கடல் காற்றில் காகிதம் நமுத்துப்போகிறதாம், அதற்குள் அடுக்கி வைத்தால் மொறுமொறு என்று இருக்கிறது. ரொட்டி ஆறவைத்த ரேக்கில் இப்போது படங்கள் காய்கின்றன. சுவரைச் சுரண்டினால் இன்னும் மைதா கொட்டுகிறது, மேல் ஜன்னல் வழியாக வருகிற வெயிலில் அது இறங்காமல் மிதந்துகொண்டே இருக்கிறது, மை வாசனைக்கு நடுவில் எங்கிருந்தோ வெனிலா வாசனை வந்துவிட்டுப் போகிறது. அஸர் தொழுதுவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால் தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை, ஒரு மயக்கம். ரேக்கில் இருப்பது பன் என்று நினைத்து ஒரு நாள் கையை நீட்டி அழுத்திப் பார்த்தேன், விரலெல்லாம் நீல மை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மேசைக்கு வருகிறேன். மாவு பிசைகிற பெரிய மேசையை சாருலதா ஆசையாகக் கேட்டாள், ஆனால் மேல்பக்கம் அத்தனை வருஷம் டால்டா குடித்த பலகை, காகிதம் வைத்தால் கறையாகும். ரொட்டிக்காரன் புத்தி பார், அடிப்பக்கம் எண்ணெய் காணாத பக்கம்தானே, கவிழ்த்துப் போட்டுக் கால்களைக் கழற்றிவிட்டு இழைத்தால் புதுசாகிவிடும் என்று நல்லசிவம் ஆசாரியிடம் சொல்லிவிட்டு லுஹர் தொழப் போய்விட்டேன். திரும்பி வந்தால் தங்கவேல் ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், யோவ் நிறுத்துய்யா, இன்னா பண்றே, அதுல இன்னாமோ செதுக்கிக் கீது, பாய், நீ வந்து பாரு பாய் என்று கத்துகிறான்.

பார்த்தேன். பலகை முழுக்கக் கால்கள். மேசையைச் சுற்றி நின்று வேலை செய்கிறவர்களின் கால்கள். தங்கவேலுவின் ஆறு விரல் கால், அம்மாவின் கொலுசு, வார் அறுந்து ஊக்கு குத்தின என் செருப்பு. நீ ப்ளஸ் டூ படித்த வருஷம் மத்தியானத்தில் அங்கேதான் குளிர்ச்சி என்று மேசைக்கு அடியில் புத்தகத்தோடு படுத்துக்கொள்வாய், அப்போது ஒரு சுரண்டுகிற சத்தம் வரும், எலி என்று நான் மூன்று மாதம் பொறி வைத்தேன், எலி கண்ணில் பட்டதா என்று உன்னையே கேட்டேன், இல்லை அத்தா என்றாய். கள்ளி, அந்தப் பொறியையும் தேங்காய்ச் சில்லோடு செதுக்கி வைத்திருக்கிறாய். ஆனால் வாசல் பக்கத்து மூலையில் ஒரு சாண் அகலத்துக்கு ஆசாரி இழைத்துவிட்டார். அங்கே ஒரு பாவாடை ஓரம் மட்டும் மிச்சம், கீழே கால் இல்லை. அது நீதான் என்று எனக்குப் பட்டது. இரண்டாவது தடவையும் அழித்தது நான்தானே என்று அந்தச் சுருள் சுருளான மரத்தூளில் உட்கார்ந்து அழுதேன், ஆசாரி பாவம் என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்தார்.

சாருலதா அச்செடுத்துப் பார்க்கலாம் என்றாள். வெல்லப்பாகு கொட்டின தழும்பு என் இடது காலில்தானே, மரத்தில் வலது காலில் இருந்தது, என் மகளுக்கு அப்போதே இடம் வலம் தெரியாது என்று சொல்லிச் சிரித்தேன். மைதா மூட்டைத் துணியைப் பிரித்துத் துவைத்து, மை தடவின பலகை மேல் விரித்தோம், கரண்டி முதுகால் நானே தேய்த்தேன், பிசைந்த கை அல்லவா, அழுத்தம் தெரியும். துணியைத் தூக்கினால் தழும்பு இடது காலில் இருக்கிறது. அச்சில் எல்லாம் மாறி விழும் அங்கிள், உங்க பொண்ணு தெரிஞ்சேதான் மாத்தி செதுக்கியிருக்கா என்றாள். அப்படியானால் ஒரு நாள் இதை அச்செடுக்க வேண்டும் என்று நினைத்தே செதுக்கியிருக்கிறாய். அந்தப் பலகை மேல் வைத்துத்தான் நான் உன் படிவத்தைக் கிழித்தேன். ஊர் பேசுமே என்று பயந்தேன் மகளே, வேறு காரணம் ஒன்றும் இல்லை, ஊர் அன்றைக்கு மத்தியானமே வேறு பேச்சுக்குப் போயிருக்கும். நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு.

நம் பக்கத்து வீட்டு ஷஃபியுல்லா வெள்ளிக்கிழமை மஸ்கட் வருகிறான், அந்தத் துணியை பிஸ்கட் டின்னில் சுருட்டி இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன், ஓரத்தில் வெள்ளையாக இருப்பதுதான் இழைத்துப் பள்ளமாகி மை ஏறாத இடம். அதை நிரப்பித் தருகிறோம் என்று பட்டறையில் நாலு பேர் கேட்டார்கள், ஒருவரையும் தொடவிடவில்லை. அம்மா உனக்கு இடியாப்ப மாவு வைத்திருக்கிறாள், வந்ததும் வெயிலில் ஒரு முறை காயவை. ஜோயா சுவரெல்லாம் கிறுக்குகிறாள் என்று எழுதியிருந்தாய், கிறுக்கட்டும், கையைப் பிடிக்காதே.

இன்னொன்று. இங்கே கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு சாருலதா ஒரு படிவம் வைத்திருக்கிறாள், பெயர், வயது, பெற்றோர் கையெழுத்து. ஒன்று வாங்கி உன் பெயரை எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். முப்பது வயசுப் பொண்ணுக்கு அப்பா கையெழுத்து எதுக்கு அங்கிள் என்றாள், அவளுக்கு வேண்டாம், எனக்கு வேண்டும் என்றேன். படிவம் துணிக்குள் இருக்கிறது. லீவு எப்போது என்று எழுது, திட்டியாவது எழுது, ஆனால் எனக்கு எழுது.

உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும்.

இப்படிக்கு,
பதின்மூன்று வருஷம் தாமதமாகக் கையெழுத்துப் போடும்
உன் அத்தா
கரீமுல்லா