இரண்டு பதிவேட்டிலும் ஒரே பெயர்

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

நலம்தானே? போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க மூன்று தலைமுறைக்கும் பிறப்பு, இறப்புப் பதிவுகள் கேட்கிறார்கள். மாதக் கடைசிக்குள் தராவிட்டால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷமாகப் பதிவறையிலேயே உட்கார்ந்திருக்கிறாய், உனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

உன் பொடியன்

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

தாத்தா, அப்பா, அம்மா பதிவுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். தாத்தாவின் பக்கத்தைக் கரையான் பாதி தின்றுவிட்டது. மீதியைப் படிப்பதற்குள் கண்ணே போய்விட்டது. உன்னுடையதை மட்டும் கேட்காதே. பள்ளிச் சான்றிதழைக் கொடுத்துச் சமாளி. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

மார்ச் 14

அக்கா,

பள்ளிச் சான்றிதழை முகத்தில் விட்டெறியாத குறைதான். உன் அலுவலகத்துக்கே நேராக விண்ணப்பித்துவிட்டேன். அப்பாவின் பிள்ளைகள் என்று என்னென்ன பதிவு இருக்கிறதோ, எல்லாம் வரட்டும். என்னிடம் எதை மறைக்கிறாய்? என்னை எங்கிருந்தாவது தூக்கிக்கொண்டு வந்தீர்களா?

மார்ச் 19

தம்பி,

உன் விண்ணப்பம் என் மேசைக்கே வந்து சேர்ந்தது.

உனக்கு முன் ஒருவன் இருந்தான். பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அடுத்த வருஷம் நீ வீட்டிலேயே பிறந்தாய். அப்பா பதியவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பெட்டியிலிருந்த அவனுடையதை எடுத்து நீட்டினார். "ரெண்டும் நம்ம புள்ளதானே, யாரு கேக்கப்போறா?" என்றார். அவன் பெயரும் தேதியும் உனக்கு வந்துவிட்டன. வகுப்பிலேயே நீ பொடியனாக இருந்தது அதனால்தான். அன்று பத்து வயதில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

பிறப்புப் பதிவேட்டில் இருக்கும் பெயர் இறப்புப் பதிவேட்டிலும் இருக்கிறது. அங்கே பார்க்கிறவர்கள் நீ யார் என்று கேட்பார்கள். "இறப்புப் பதிவு இல்லை" என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் தப்பித்தாய். இதுவரை பொய்க்குக் கையெழுத்துப் போட்டதில்லை. உனக்காகப் போடுவேன்டா. ஆனால் பயமாக இருக்கிறது. முப்பதாம் தேதி வரை கோப்பைப் பிடித்து வைக்கிறேன். சீக்கிரம் சொல்.

அக்கா

மார்ச் 25

அக்கா,

போடாதே. உன் வேலைக்கு உலை வைத்துவிட்டு நான் இங்கே நிம்மதியாக உட்கார முடியாது. உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பு. இங்குள்ள அதிகாரியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். என் கோப்பை நிறுத்திவிட்டார்கள். மூட்டை கட்ட வேண்டியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அப்பா மேல் வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இவர்கள் கொடுத்த வம்சாவளிப் படிவத்தில் அண்ணனுக்கு ஒரு கட்டம் போட்டேன். அவன் பெயரையும் தேதியையும் அவனுக்கே எழுதிவிட்டேன். பக்கத்தில் என் கட்டம் காலியாக இருக்கிறது. பெயரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அன்று வீட்டில் இருந்தவள்.

நான் என்றைக்குப் பிறந்தேன் அக்கா?

தம்பி