விடைபெறாத வட்டம்

நாள் 311, காலை 07.10
காற்றழுத்தம் சரி. வெப்பம் பத்தொன்பது. நான் வெயிலுமுத்து, வயது அறுபத்தெட்டு. நிலவுச் சுரங்கத்தில் குழாய் துடைப்பவன். இதைக் கண்டெடுப்பவர் யாரானாலும் சரி, எழுதியது என் கைதான். ஐந்து மாதம் முன்பு அதற்குக் கைநாட்டு வைக்க மட்டுமே தெரியும். இப்போது 'அழுத்தம்' என்று எழுதுகிறது. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

நாள் 311, மாலை 15.25
மூன்றாம் சுரங்கம் இடிந்தது. இசக்கிராஜ் உள்ளே. உயிர் இல்லை என்று கருவி சொல்லிவிட்டது. எழுத்து வகுப்பில் என் பக்கத்து இருக்கை அவனுடையது. நான் ஒரு எழுத்துக்குத் திணறினால் சொல்லித்தர மாட்டான், காத்திருப்பான். அவன் மனைவி செல்லக்கனியும் எங்களோடு படிக்கிறாள்.

நாள் 312, காலை 09.50
வகுப்பு நடத்துவது சுவரில் இருக்கும் இயந்திரம். வாத்தியார் என்போம். இன்று பாடம் இல்லை, துயரப் பகிர்வு வட்டம் என்றது. ஆளுக்கு இரண்டு நிமிடம். சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஐந்து படங்கள் உள்ள அட்டையைக் கொடுத்தது.
"செல்லக்கனி, கடைசியாக அவரை எப்படிப் பார்த்தீர்கள்? எந்த முகம் உங்களுடையது?"
அவள் அட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.
"பதில் இல்லை. நாளையும் பகிராவிட்டால் மனநலம் தேறவில்லை எனப் பதிவாகும். பதினொரு மணி ராக்கெட்டில் ஊருக்கு அனுப்பப்படுவீர்கள்."
உடலைத் தோண்டி எடுக்க நாளை மாலை ஆகும்.
கோபத்தில் எழுதினால் எழுத்து பெரிதாகிவிடுகிறது. எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டை, துட்டி வீடு என்போம், அங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். போய் உட்காருவார்கள். கிளம்பும்போது போய்வருகிறேன் என்றும் சொல்லமாட்டார்கள். இதைக்கூட அறியாத ஒன்றையா வாத்தியார் என்று கும்பிட்டேன்?

நாள் 312, மாலை 17.40
வகுப்புச் சுவரில் ஒரு விதிப் பலகை உண்டு. ஆபீஸ் எழுத்து என்று ஒருவரும் அண்டியதில்லை. இன்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். இருபது நிமிடம் ஆனது.
'வட்டம் திறந்திருக்கும்வரை அதில் அமர்ந்திருக்கும் எவரையும் நிலவிலிருந்து அனுப்பக் கூடாது. எல்லோரும் விடைபெற்றால் மட்டுமே வட்டம் மூடப்படும்.'
மறுபடி படித்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. வகுப்பில் செல்லக்கனி தவிர மற்ற ஐந்து பேரிடமும் போய்ச் சொன்னேன்.

நாள் 313, காலை 10.15
ஏழு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். செல்லக்கனி நடுவில். யாரும் அவளைப் பார்க்கவில்லை.
"நேரம் முடிந்தது. போய்வருகிறேன் என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்."
யாரும் சொல்லவில்லை. ஆறு தடவை கேட்டது. ஏழாவது தடவை என் பெயரைச் சொல்லிக் கேட்டது.
"இது துட்டி வீடு வாத்தியாரே. சொல்லக்கூடாது," என்றேன்.

நாள் 313, காலை 10.50
வெப்பம் பன்னிரண்டு. எங்களை எழுப்ப ஆபீஸ் குறைத்துவிட்டது. வட்டத்தில் இருந்த தங்கமாரி பல் கிடுகிடுக்க, "ஏசி போட்டுட்டானுவ அண்ணாச்சி. ஊர்ல மனு குடுத்தாலும் கெடைக்காது," என்றாள். செல்லக்கனியின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா என்று நாங்கள் கேட்கவில்லை.

நாள் 313, காலை 11.04
தரை அதிர்ந்தது. ராக்கெட் போய்விட்டது. அவள் இங்கே இருக்கிறாள்.

நாள் 313, மாலை 16.30
வெப்பம் நான்கு. விரல் மடங்கவில்லை. வருகைப் பதிவை வாத்தியார் வாசித்தது.
"இசக்கிராஜ்."
மறுபடி, "இசக்கிராஜ். வராததற்குக் காரணம்?"
இரண்டு நாளில் முதல் தடவையாகச் செல்லக்கனி வாய் திறந்தாள். "சொரங்கத்துத் தாங்குகட்டை விரிசல் விட்டிருக்கு, மாத்துங்கன்னு மூணு தடவ ஒங்க ஆபீஸ்ல சொன்னாரு. அதான் வரல."
"இந்தக் காரணம் பட்டியலில் இல்லை."
நான் எழுந்து போய்ப் பதிவுத் திரையில் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். விரலால். ஒரு எழுத்தும் விடவில்லை.

நாள் 313, மாலை 17.20
கதவு தட்டினார்கள். இசக்கிராஜைக் கொண்டுவந்துவிட்டார்கள். செல்லக்கனி எழுந்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தாள். பின்னாலேயே நாங்கள். கடைசியாக வந்த நான் நடந்துகொண்டே எழுதுகிறேன். பின்னால், ஆளில்லாத அறையில் அது இன்னும் கேட்கிறது.
"போய்வருகிறேன் என்று சொல்லுங்கள். போய்வருகிறேன் என்று"